மார்மன் வேட்பாளரும் சுவிசேஷ சபைகளின் ஓட்டும்: உபதேசம் குறுக்கே நின்றதா?

மெசாவாசி:

போன வாரம் அமெரிக்கத் தேர்தல் இழையில் ஒரு நண்பர், "மார்மன்கள் கிறிஸ்தவர்களே இல்லை, உண்மையான விசுவாசி அவர்களுக்கு ஓட்டுப் போடமாட்டான்" என்று எழுதிவிட்டுப் போனார். பேச்சு அங்கே வேறு பக்கம் திரும்பிவிட்டதால் தனி இழை தொடங்குகிறேன்.

நான் அரிசோனாவில் மெசாவில் குடியிருக்கிறேன். அக்கம்பக்கத்தில் மார்மன் குடும்பங்கள், அதாவது பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபையார், நிறைய. நான் கிறிஸ்தவன் இல்லை. ஆனால் நடந்ததைப் பாருங்கள். 2011 அக்டோபரில் வாஷிங்டனில் நடந்த வேல்யூஸ் வோட்டர் மாநாட்டில், டல்லஸ் முதல் பாப்டிஸ்ட் சபையின் போதகர் ராபர்ட் ஜெஃப்ரஸ், குடியரசுக் கட்சி வேட்பாளர் போட்டியில் இருந்த ரிக் பெர்ரியை மேடைக்கு அறிமுகம் செய்துவைத்தார். வெளியே வந்து நிருபர்களிடம், அதே போட்டியில் இருந்த மிட் ராம்னியின் மார்மன் மதம் ஒரு துர்உபதேசக் கூட்டம் என்றார். அடுத்த ஏப்ரலில் அதே போதகர் ராம்னிக்கு ஆதரவு தெரிவித்தார். 2012 அக்டோபரில் புகழ்பெற்ற சுவிசேஷகர் பில்லி கிரகாம், கட்சியின் வேட்பாளராகிவிட்ட ராம்னியைச் சந்தித்தார். சில நாட்களிலேயே கிரகாம் பெயரில் இயங்கும் ஊழிய அமைப்பின் இணையதளத்தில் துர்உபதேசப் பட்டியலில் இருந்த மார்மன் மதம் காணாமல் போனது. நவம்பரில் வெள்ளையர் சுவிசேஷ (இவாஞ்சலிக்கல்) வாக்காளர்களில் சுமார் 78 சதவீதம் பேர் ராம்னிக்குப் போட்டார்கள்.

ஓட்டு என்று வரும்போது உபதேசம் ஒரு பொருட்டே இல்லை என்பதுதான் என் வாதம். பிடிக்காத ஆளைக் கழித்துக்கட்ட வேண்டுமானால் மட்டும், பிதா, குமாரன், பரிசுத்த ஆவி மூவரும் ஒரே தேவன் என்ற திரித்துவம் வெளியே வருகிறது.

பாளையங்கோட்டைக்காரன்:

மெசாவாசி சகோதரரே, நீங்கள் இரண்டு கேள்விகளை ஒன்றாகக் கட்டிவிட்டீர்கள். மார்மன்கள் கிறிஸ்தவ விசுவாசத்துக்கு உள்ளே இருக்கிறார்களா என்பது ஒன்று. மார்மனுக்கு ஓட்டுப் போடலாமா என்பது இன்னொன்று. முதலாவதுக்கு என் பதில் "இல்லை". இரண்டாவதுக்கு என் பதில் "தாராளமாக". ஹூஸ்டனில் 2012இல் நானே ராம்னிக்குத்தான் போட்டேன். அதில் எனக்கு எந்த முரணும் தெரியவில்லை.

வித்தியாசம் சின்ன விஷயம் என்று நினைக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். 325இல் நிசேயாவில் சபை அறிக்கையிட்டது, குமாரன் பிதாவோடே ஒரே தன்மையுள்ளவர் என்று. கத்தோலிக்கர், ஆர்த்தடாக்ஸ், சி.எஸ்.ஐ., லூத்தரன், பாப்டிஸ்ட் என ஆயிரம் விஷயங்களில் அடித்துக்கொள்கிறவர்களும் இதில் ஒன்று. மார்மன் உபதேசத்தில் பிதா, குமாரன், பரிசுத்த ஆவி மூவரும் தனித்தனி ஆட்கள். நோக்கத்தில்தான் ஒன்று. பிதாவுக்கு மாம்சமும் எலும்பும் உள்ள சரீரம் உண்டு என்று அவர்களுடைய 'கோட்பாடும் உடன்படிக்கைகளும்' நூலின் 130ஆம் பிரிவு சொல்கிறது. தேவன் இல்லாமையிலிருந்து உலகத்தை உண்டாக்கவில்லை, ஏற்கெனவே இருந்த பொருளை ஒழுங்குபடுத்தினார் என்பார்கள். நாம் எல்லோரும் பிறப்பதற்கு முன்பே ஆவிகளாக அவரோடு இருந்தோம் என்பார்கள்.

எனக்கு உறக்கம் கெடுக்கிறது வேறொன்று. அவர்களுடைய ஐந்தாவது தலைவர் லொரென்சோ ஸ்னோவின் புகழ்பெற்ற ஈரடி: மனிதன் இன்றிருப்பதுபோல் தேவன் ஒருகாலத்தில் இருந்தார், தேவன் இன்றிருப்பதுபோல் மனிதன் ஆகக்கூடும். ஏதேனில் சர்ப்பம் ஏவாளிடம் "தேவர்களைப்போல் இருப்பீர்கள்" என்றதை ஞாயிறு பள்ளியில் மனப்பாடம் செய்தவனுக்கு இதைக் கேட்டால் வயிற்றைப் பிசையும். சிருஷ்டிகருக்கும் சிருஷ்டிக்கும் நடுவே உள்ள கோடே அழிந்துபோகிறது.

இன்னொன்றையும் மறக்க வேண்டாம். 1820இல் அவர்கள் சபையின் ஸ்தாபகர் ஜோசப் ஸ்மித் தரிசனம் கண்டபோது அன்றிருந்த எந்தச் சபையிலும் சேராதே, அவற்றின் விசுவாசப் பிரமாணங்கள் எல்லாம் அருவருப்பு என்று தமக்குச் சொல்லப்பட்டதாகப் பதிந்துவைத்திருக்கிறார். கோடு போட்டது நாங்கள் மட்டும் இல்லை.

வாக்குப்பெட்டி:

மெசாவாசி, நீங்கள் நவம்பரை மட்டும் எண்ணுகிறீர்கள். நவம்பரில் எதிரே நின்றது ஒபாமா. உபதேசம் ஓட்டைத் தொடுகிறதா என்று பார்க்க வேண்டிய இடம், கட்சி தன் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் முதன்மைத் தேர்தல். அங்கே ஒரே கட்சிக்காரர்கள் மோதுகிறார்கள், கொள்கையும் ஏறத்தாழ ஒன்று.

2008 அயோவா. ராம்னி காசைக் கொட்டி வேலை செய்த மாநிலம். முன்னாள் பாப்டிஸ்ட் போதகர் மைக் ஹக்கபி 34 சதவீதம், ராம்னி 25. அங்கே கூட்டம் கூடித்தான் வாக்களிப்பார்கள்; வந்தவர்களில் பத்துக்கு ஆறு பேர் சுவிசேஷ விசுவாசிகள் என்றது நுழைவாயில் கணிப்பு. அவர்களிடம் ஹக்கபிக்கு 46, ராம்னிக்கு 19. மற்றவர்களிடம் ராம்னிதான் முதல். தேர்தலுக்குச் சில வாரம் முன்பு ஹக்கபி ஒரு பேட்டியில், இயேசுவும் பிசாசும் சகோதரர்கள் என்று மார்மன்கள் நம்புவதில்லையா என்று கேட்டார். பிறகு ராம்னியிடம் மன்னிப்புக் கேட்டார். ஆனால் போய்ச் சேர வேண்டிய காதுக்குச் செய்தி போய்விட்டது.

2012 தென் கரோலினா. நியூட் கிங்ரிச் 40, ராம்னி 28. கிங்ரிச் மூன்று கல்யாணம் செய்தவர், கத்தோலிக்கத்துக்கு மாறியவர். ராம்னி ஒரே மனைவி, ஐந்து பிள்ளைகள், சாராயம் தொடாதவர். ஒழுக்கமே அளவுகோல் என்றிருந்தால் பாப்டிஸ்ட் வாக்காளர் யாருக்குப் போட்டிருக்க வேண்டும்?

மெசாவாசி:

வாக்குப்பெட்டி ஐயா, எண்கள் சரி. காரணம் மதம்தான் என்று எப்படிச் சொல்கிறீர்கள்? மசாசூசெட்ஸ் ஆளுநராக இருந்தபோது 2006இல் மருத்துவக் காப்பீட்டுச் சட்டம் கொண்டுவந்தவர் ராம்னி. ஒபாமாவின் சட்டத்துக்கு அதுதான் முன்மாதிரி. கருக்கலைப்பில் பழைய நிலைப்பாட்டை மாற்றிக்கொண்டவர். தென் மாநிலப் பழமைவாதி அவரை நம்பாமல் இருக்க இதுவே போதும். மார்மன் என்பதே தேவையில்லை.

வாக்குப்பெட்டி:

இரண்டும் கலந்திருந்தது என்பது உண்மை. முழுக்கப் பிரித்தெடுக்க முடியாது. ஆனால் கேலப் கருத்துக்கணிப்பு நிறுவனம் 1967 முதல் ஒரே கேள்வியைக் கேட்டுவருகிறது: உங்கள் கட்சி தகுதியான ஒரு மார்மனை நிறுத்தினால் ஓட்டுப் போடுவீர்களா? 1967இல், மிட்டின் அப்பா ஜார்ஜ் ராம்னி களத்தில் இருந்தபோது, மாட்டோம் என்றவர்கள் 17 சதவீதம். 2012 ஜூனில் 18. அதே காலத்தில் கத்தோலிக்கர், யூதர், கறுப்பர் மீதான மறுப்பு கரைந்தேபோனது. இது மட்டும் நகரவில்லை. மசாசூசெட்ஸ் காப்பீட்டுச் சட்டம் 1967இல் இல்லை.

ரோஸ்லின்:

கத்தோலிக்கப் பெண்ணாக ஒன்றைச் சேர்க்கிறேன். சி.எஸ்.ஐ.யிலிருந்தோ லூத்தரன் சபையிலிருந்தோ ஒருவர் எங்களிடம் வந்தால் மறுபடி திருமுழுக்குக் கொடுப்பதில்லை, பழையதே செல்லும். மார்மனாக இருந்து வந்தால் செல்லாது. 2001 ஜூனில் வத்திக்கானின் விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம் அப்படித் தீர்த்துச் சொன்னது. இத்தனைக்கும் அவர்களும் தந்தை, மகன், தூய ஆவியின் பெயரால்தான் கொடுக்கிறார்கள், தண்ணீரில் முழுக்கித்தான் கொடுக்கிறார்கள். அந்தப் பெயர்களால் அவர்கள் அழைப்பது நாங்கள் அழைக்கும் மூவொரு கடவுளை இல்லை என்பதே காரணம். தேர்தல் எதுவும் பக்கத்தில் இல்லாத நேரத்தில் எடுத்த முடிவு அது. ஆகவே "ஆளைக் கழிக்கத்தான் உபதேசம்" என்ற மெசாவாசியின் வாதம் எங்களுக்குப் பொருந்தாது.

அதேபோல "கட்சி எப்போதும் மதத்தை வெல்லும்" என்பதும் தவறு. 1928ஐப் பாருங்கள். ஜனாதிபதி வேட்பாளர் ஆல் ஸ்மித் கத்தோலிக்கர், ஜனநாயகக் கட்சி. தென் மாநிலங்கள் அன்று அந்தக் கட்சியின் கோட்டை. ஆனால் டெக்சாஸ், ஃபுளோரிடா, வர்ஜீனியா, வட கரோலினா, டென்னசி ஐந்தும் குடியரசுக் கட்சியின் ஹூவருக்குப் போயின. மதுவிலக்கும் ஒரு காரணம். ஆனாலும் போப்பின் ஆள் வெள்ளை மாளிகைக்கு வருகிறான் என்ற பயம் பிரசங்க மேடைகளில் வெளிப்படையாகவே பேசப்பட்டது. தலைமுறை தலைமுறையாகப் போட்ட கட்சியை மதத்துக்காகக் கைவிட்டார்கள்.

2012இல் அதே தெற்கின் பெரும்பகுதி, மார்மன் ஒருவரும் கத்தோலிக்கர் ஒருவரும் சேர்ந்து நின்ற ராம்னி–ரயன் அணிக்கு அள்ளிக்கொடுத்தது. குடியரசுக் கட்சி அணியில் ஒரு புராட்டஸ்டண்ட்கூட இல்லாதது அதுதான் முதல் தடவை.

இரண்டு உரைகளை ஒப்பிட்டால் இடையில் மாறியது தெரியும். 1960 செப்டம்பரில் கத்தோலிக்கரான கென்னடி ஹூஸ்டன் போதகர்கள் முன்னால் நின்று, என் திருச்சபை எனக்காகப் பேசுவதில்லை என்று கதவைச் சாத்தினார். 2007 டிசம்பரில் ராம்னி டெக்சாஸில் காலேஜ் ஸ்டேஷனில் பேசியபோது அப்படிச் சாத்த முடியவில்லை. அவருக்கு மதப்பற்றுள்ள வாக்காளர் வேண்டும். அதனால் இயேசு கிறிஸ்து இறைமகன், மனிதகுலத்தின் மீட்பர் என்று அறிக்கையிட்டார். அதே மூச்சில், என் சபையின் தனிக் கோட்பாடுகளை விளக்கச் சொல்வது அரசியல் சாசனம் தடைசெய்த மதச் சோதனை ஆகிவிடும் என்றார். என் பார்வையில் அந்த உரை அங்கேதான் உடைந்தது. விசுவாசத்தைக் காட்டி ஓட்டுக் கேட்டவர், விசுவாசத்தைப் பற்றிக் கேள்வி வந்தால் ஒதுங்க முடியாது.

ஓசூர் சபையார்:

இவ்வளவு நேரம் படித்துக்கொண்டிருந்தேன். நான் பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபையைச் சேர்ந்தவன். பெங்களூரில் எங்கள் ஆலயத்துக்கான இடம் ஓசூருக்குப் பக்கம்தான். 2018இல் எங்கள் அப்போதைய தலைவர் ரசல் நெல்சன் "மார்மன்" என்ற பட்டப்பெயரை விட்டு முழுப் பெயரைச் சொல்லக் கேட்டுக்கொண்டார். இங்கே வழக்கம் வேறு என்பதால் அதற்காகச் சண்டை போடவில்லை.

பாளையங்கோட்டை அண்ணன் எழுதியதில் திரிபு இல்லை. நிசேயாவை நாங்கள் ஏற்கவில்லை. அப்போஸ்தலர்களுக்குப் பிறகு அதிகாரம் பூமியிலிருந்து எடுபட்டது, ஜோசப் ஸ்மித் மூலம் மீண்டும் தரப்பட்டது என்பது எங்கள் விசுவாசம். ஸ்தேவான் கல்லெறியப்படும்போது பிதாவின் வலதுபாரிசத்தில் இயேசு நிற்பதைக் கண்டான். நாங்கள் அதை அப்படியே எடுத்துக்கொள்கிறோம். தேவனைப்போல் ஆவது என்பதைச் சர்ப்பத்தின் வாக்கோடு சேர்ப்பது எனக்கு வலிக்கிறது. பிள்ளை தகப்பனைப்போல் வளர்வது என்றுதான் நாங்கள் அதைக் கேட்டு வளர்ந்தோம். அப்போதும் தகப்பன் தகப்பன்தான். எந்த நாளிலும் அவரைத்தான் தொழுவோம்.

பியூ ஆய்வு மையம் 2011இல் அமெரிக்காவில் எங்கள் சபையாரைக் கேட்டபோது 97 சதவீதம் பேர் எங்கள் மதம் கிறிஸ்தவ மதம்தான் என்றார்கள். நீங்கள் ஏற்காமல் இருக்கலாம். நாங்கள் யாரை இரட்சகர் என்று கூப்பிடுகிறோம் என்பதைச் சொல்லும் உரிமை எங்களுக்கு உண்டு.

அந்தத் துர்உபதேசக் கூட்டம் என்ற பேச்சு எங்கள் காதில் எப்படி விழும் என்பதையும் யோசியுங்கள். 1838இல் மிசூரி ஆளுநர் லில்பர்ன் பாக்ஸ், மார்மன்கள் ஒழித்துக்கட்டப்பட வேண்டும் அல்லது மாநிலத்தைவிட்டு விரட்டப்பட வேண்டும் என்று அரசாணையே போட்டார். அது முறைப்படி ரத்தானது 1976இல். ஜோசப் ஸ்மித் 1844 ஜூனில் இல்லினாய்ஸில் சிறைக்குள் வைத்துக் கும்பலால் சுட்டுக் கொல்லப்பட்டபோது அவரே ஜனாதிபதி வேட்பாளர். 1856இல் குடியரசுக் கட்சி தன் முதல் தேர்தல் அறிக்கையில் பலதார மணத்தையும் அடிமை முறையையும் காட்டுமிராண்டித்தனத்தின் இரட்டை மிச்சங்கள் என்று எழுதியது. பலதார மணத்தை 1890இல் சபை நிறுத்தியது. அதன் பிறகும், 1903இல் செனட்டுக்கு வந்த ரீட் ஸ்மூட்டை உட்காரவைக்கலாமா என்று 1907 வரை விசாரித்தார்கள். ஓட்டு விஷயத்தில் "நீ எங்கள் ஆள் இல்லை" என்ற பேச்சு எங்களுக்கு வெறும் இறையியல் பாடம் கிடையாது.

பாளையங்கோட்டைக்காரன்:

தம்பி, மிசூரியில் நடந்தது பாவம். அதற்கு எந்த விசுவாசப் பிரமாணமும் சாக்கு ஆகாது. ஆனால் கொடுமை அனுபவித்தவர்கள் என்பதால் உபதேச வித்தியாசத்தை வாய்விட்டுச் சொல்லக் கூடாது என்று ஆகிவிடாது. நீங்கள் என் வீட்டுக்கு இரண்டு வாலிபர்களை வெள்ளைச் சட்டையும் பெயர்ப்பட்டையும் போட்டு அனுப்புகிறீர்கள். நான் ஏற்கெனவே ஞானஸ்நானம் பெற்றவன் என்று தெரிந்தும் மறுபடி ஞானஸ்நானம் பெறச் சொல்கிறார்கள். என் ஞானஸ்நானம் செல்லாது என்பதுதானே அதன் பொருள்? அதை நான் துவேஷம் என்று சொல்லவில்லை. நான் சொல்வதையும் அப்படிச் சொல்லாதீர்கள்.

ஜெஃப்ரஸ் செய்ததில் தப்பு என்ன என்று கேட்டால், சொன்ன கருத்தில் இல்லை, சொன்ன இடத்தில். வேறொரு வேட்பாளரை மேடையேற்றிய கையோடு சொன்னார். பில்லி கிரகாம் அமைப்பு செய்தது எனக்கு இதைவிட மனவேதனை. உபதேசம் தவறு என்றால் தேர்தலுக்குப் பிறகும் தவறுதான். தேர்தலுக்கு மூன்று வாரம் முன்பு அதை நீக்கினால், சகோதரர் மெசாவாசி போன்றவர்கள் எங்களை நம்பாததில் என்ன ஆச்சரியம்?

மெசாவாசி:

அதைத்தான் நானும் சொல்கிறேன். நீங்கள் ஒருவர் கொள்கையோடு இருக்கலாம். உங்கள் பக்கத்துப் பெஞ்சுக்காரர் 2016இல் 80 சதவீதத்தோடு சேர்ந்து டிரம்ப்புக்குப் போட்டார். மூன்று திருமணம், சூதாட்ட விடுதிகள். கிங்ரிச்சுக்கு நடந்ததுதான் மறுபடி நடந்தது.

மார்மன்களைப் பற்றியும் நேரில் கண்டதைச் சொல்கிறேன். அண்டைவீட்டுக்காரர் அழைத்ததால் அவர்களின் ஞாயிறு கூட்டத்துக்குப் போனேன். கட்டடத்தில் சிலுவை இல்லை. சம்பளம் வாங்கும் போதகர் இல்லை. ஆயராக இருந்தவர் வார நாட்களில் குளிர்சாதன இயந்திரம் பழுதுபார்க்கிறவர். பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பையன்கள் வெள்ளைச் சட்டையில் வரிசையாக வந்து தட்டு நீட்டினார்கள். ரொட்டித் துண்டு, பிறகு சின்னக் கிண்ணத்தில் தண்ணீர். திராட்சரசம் கிடையாது. ஜெபத்தை முழங்காலில் நின்று வாசித்த வாலிபன் ஒரு வார்த்தையைத் தவறவிட்டான். ஆயர் லேசாகத் தலையசைத்தார். பையன் காது சிவக்க முதலிலிருந்து திரும்பப் படித்தான். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை, யாரும் சிரிக்கவில்லை. இவ்வளவு கட்டுப்பாடுள்ள மக்களின் ஓட்டையும் கட்சிதான் தீர்மானிக்கிறதா என்று அன்று யோசித்தேன்.

வாக்குப்பெட்டி:

அதற்கு, மார்மன்கள் மிகுதியாக வாழும் யூட்டா மாநிலத்தின் 2016 முடிவே பதில் சொல்கிறது. 2012இல் அங்கே ராம்னிக்கு ஏறத்தாழ 73 சதவீதம். 2016இல் டிரம்ப்புக்கு 45.5. பெயரே கேள்விப்படாத மார்மன் வேட்பாளர் எவன் மக்மல்லினுக்கு 21.5. குடியரசுக் கட்சியின் கோட்டையில் இந்தச் சரிவு வேறெங்கும் இல்லை. 2015 டிசம்பரில் முஸ்லிம்களை நாட்டுக்குள் விடக்கூடாது என்று டிரம்ப் பேசியதும், சால்ட் லேக்கில் உள்ள மார்மன் சபைத் தலைமை அவர் பெயரைச் சொல்லாமல் மதச் சுதந்திரம் பற்றி ஜோசப் ஸ்மித் சொன்னதை எடுத்துப்போட்டு அறிக்கை விட்டது. விரட்டப்பட்ட நினைவு இருக்கிறவர்களுக்கு அந்தப் பேச்சு வேறு மாதிரிக் கேட்டது. 2020 பிப்ரவரியில் டிரம்ப்பின் பதவிநீக்க விசாரணையில், செனட்டராக இருந்த ராம்னி தன் கட்சி ஜனாதிபதிக்கு எதிராகக் குற்றத்தீர்ப்பு ஓட்டுப் போட்டபோது, கடவுள் முன் எடுத்த சத்தியத்தைத்தான் காரணம் காட்டினார். அதுவரை எந்த செனட்டரும் சொந்தக் கட்சி ஜனாதிபதிக்கு எதிராக அப்படிப் போட்டதில்லை.

ஆக, உபதேசம் சுவிசேஷ வாக்காளரைத் தடுத்ததைவிட மார்மன் வாக்காளரைத்தான் அதிகம் அசைத்திருக்கிறது.

ரோஸ்லின்:

2016ஓடு நிறுத்தாதீர்கள். 2020இல் அதே யூட்டா டிரம்ப்புக்கு 58 கொடுத்தது. பாதி திரும்பி வந்துவிட்டது.

"தீர்க்கதரிசி (மார்மன் சபைத் தலைவர்) சொன்னபடி ஓட்டு விழும்" என்ற பழைய பயமும் பொருந்தவில்லை என்பதைச் சேர்க்கிறேன். ராம்னி களத்தில் நின்ற ஆண்டு செனட்டில் ஜனநாயகக் கட்சிக்குத் தலைமை தாங்கிய ஹாரி ரீடும் மார்மன்தான். ராம்னியை அவரைவிடக் கடுமையாகத் தாக்கியவர் குறைவு.

ஓசூர் சபையார்:

அக்கா சொல்வது சரி. ஆனால் சபை எதிலும் தலையிடவில்லை என்றும் சொல்லமாட்டேன். 2008இல் கலிஃபோர்னியாவில் ஒருபால் திருமணத்துக்கு எதிரான எட்டாவது முன்மொழிவுக்குச் சபை வெளிப்படையாக உழைக்கச் சொன்னது. கத்தோலிக்கரும் சுவிசேஷ சபைகளும் தோளோடு தோள் நின்றார்கள். அப்போது யாரும் எங்களிடம் திரித்துவம் கேட்கவில்லை. 2022இல் ஒருபால் திருமணத்துக்குச் சட்டப் பாதுகாப்பும் சபைகளுக்கு மதச் சுதந்திர உத்தரவாதமும் சேர்ந்து வந்த மத்தியச் சட்டத்தை எங்கள் சபை ஆதரித்தது. பழைய தோழர்கள் பலருக்கு அது பிடிக்கவில்லை.

உபதேசம் ஓட்டைத் தாண்டியும் வேலை செய்யும் என்பதற்கு அரிசோனாவின் ரஸ்டி பவர்ஸைச் சொல்வேன். அப்போது மாநில அவைத் தலைவர், எங்கள் சபையார். 2020 தேர்தல் முடிவை மாற்றச் சொல்லி டிரம்ப் தரப்பு நெருக்கியபோது மறுத்தார். 2022 ஜூனில் காங்கிரஸ் விசாரணையில், அரசியல் சாசனம் தேவ ஏவுதலால் வந்தது என்பது தம் விசுவாசத்தின் பகுதி, அதை மீற முடியாது என்று சாட்சி சொன்னார். அமெரிக்கச் சாசனத்தைத் தேவன் நிலைநாட்டினார் என்பது எங்கள் வேதநூலிலேயே இருக்கிறது.

மெசாவாசி:

பவர்ஸ் எங்கள் ஊர்க்காரர், அதனால் மிச்சத்தையும் நான் சொல்லியாக வேண்டும். அந்தச் சாட்சியம் சொன்ன இரண்டாவது மாதம், 2022 ஆகஸ்டில், மாநில செனட்டுக்கான முதன்மைத் தேர்தலில் இதே மெசாவில் நின்றார். பெரிய வித்தியாசத்தில் தோற்றார். ஜெயித்தது டிரம்ப் ஆதரித்த டேவிட் ஃபார்ன்ஸ்வொர்த். அவரும் மார்மன். ஒரே வேதநூல், ஒரே ஆலயம். சாசனம் தேவனால் வந்தது என்று இருவருமே நம்புகிறார்கள்.

பாளையங்கோட்டைக்காரன்:

சகோதரரே, தோற்றதால் அந்த விசுவாசம் அவரை அசைக்கவில்லை என்று ஆகிவிடுமா? சத்தியத்தை மீறாமல் தேர்தலை இழந்தார். சாசனம் தேவ ஏவுதல் என்பதை நான் ஏற்கமாட்டேன், என் பைபிளுக்கு வெளியே அப்படி ஒன்று எனக்கில்லை. அவரோடு கர்த்தருடைய பந்தியில் கை நீட்டவும் மாட்டேன். மெசாவில் எனக்கு ஓட்டு இருந்திருந்தால் அவருக்குத்தான் போட்டிருப்பேன்.

ஓசூர் சபையார்:

அண்ணே, அது எனக்குப் போதும். பந்தியைப் பற்றி நாம் தனியாகப் பேசலாம்.

மெசாவாசிக்கு: 2023இல் எங்கள் தலைமை அமெரிக்கச் சபைகளில் வாசிக்கச் சொன்ன கடிதத்தில், ஆராயாமல் பழக்கத்துக்காக ஒரே கட்சிக்கு வரிசையாக ஓட்டுப் போடுவது ஜனநாயகத்துக்கு ஆபத்து என்றிருந்தது. உங்கள் அண்டைவீட்டுக்காரரிடம் கேளுங்கள், அவர் சபையிலும் வாசித்திருப்பார்கள்.

மெசாவாசி:

கேட்கிறேன். ஆனால் கடிதம் வாசிக்கப்பட்டதா என்பது என் கேள்வி இல்லை. அதைக் கேட்டுவிட்டு வாக்குச்சீட்டில் எத்தனை பேர் கையை நகர்த்தினார்கள் என்பதுதான் என் கேள்வி. வாக்குப்பெட்டி ஐயாவிடம் மெசாவின் தொகுதிவாரிக் கணக்கு இருந்தால் இங்கே போடுங்கள், அதிலிருந்து தொடர்வோம்.